பேஜம்மா கப்பலேறினாள்

கங்கை ஜலத்தை வலது உள்ளங்கையில் ஏந்தி, காளிகட்டம் இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தாகிவிட்டது: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் செய்கிற சத்தியம் இன்னும் கெட்டியானது என்பார்கள். ஆனால் ஆவணி மாசத்துக் கல்கத்தாவில் கற்பூரம் ஈரம் குடித்துப் பற்றிக்கொள்ளவே மறுக்கும். பற்றாத கற்பூரத்தை அணைப்பது எப்படி? ஆகையால் ஜலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. சந்தேகப்படுகிறவர்கள் தாராளமாகக் கிடர்பூருக்குப் போய் விசாரிக்கலாம். விசாரித்தால் பதில் சொல்லக்கூடியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்பது வேறு விஷயம்.

கல்கத்தாவில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ட்ராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாயவரத்துப் பக்கத்திலிருந்து வந்த பட்டாபிராமன் கிடர்பூர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் குமாஸ்தா. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் பேரில் குற்றம் ஒன்றும் இல்லை. மனைவி சாவித்ரி. மார்கழியில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தை முடிவதற்குள் அது இல்லை.

அன்று வழக்கம்போலச் சாவித்ரி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, நீட்டின காலில் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டினாள். சாம்பிராணிப் புகை காட்டினாள். மாயவரத்தில் தையாவது மார்கழியாவது, குழந்தையை இப்படித்தான் குளிப்பாட்டுவார்கள். கல்கத்தாவின் தை மாசம் அந்த சம்பிரதாயத்துக்குக் கட்டுப்படவில்லை. வடக்கேயிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. சாயங்காலம் குழந்தைக்கு மாரில் சளி கட்டிக்கொண்டது. அதற்கப்புறம் பட்டாபிராமன் அதை மேல்துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கங்கைக்குப் போனதுதான் மிச்சம்.

யாரும் சாவித்ரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். கங்கையிலிருந்து அவர் வெறும் துண்டோடு திரும்பி வந்தபோது அவள் வாயைத் திறந்து அழ ஆரம்பித்தாள். பட்டாபிராமன் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

"அழாதே சாவித்ரி. நான் தாங்கமாட்டேன். நீ அழுதா நான் ஆத்தைவிட்டே ஓடிப் போயிடுவேன்."

அவள் உடனே நிறுத்தினாள். அழுகையோடு பேச்சையும் சேர்த்து நிறுத்திவிட்டாள். கொதிக்கிற பாலைச் சட்டென்று இறக்கி வைத்த மாதிரி அடங்கிப் போனாள். பட்டாபிராமன் ஆபீசில், "எங்காத்துலே ரொம்ப தைரியசாலி" என்று சொல்லிக்கொண்டார். மாசி போயிற்று, பங்குனி வந்தது. வீட்டில் கரண்டிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அப்போதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. சாவித்ரி ஒரு நாள் இப்படியே நின்றுபோன கடிகாரம் மாதிரி நின்றுவிடுவாள் என்று தோன்றியது. அவளை எப்படியாவது பேசவைக்க வேண்டும். அதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு காரியம் இல்லாமல் போயிற்று.

கீரி வந்தது அந்தப் பங்குனியில்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு வளை. அதற்கு இன்னொரு வாய் வாழைமரத்தடியில். இந்த ஜாதிக் கீரி நம் ஊர்க் கீரியைவிடச் சின்னது. வாலை விட்டுவிட்டால் ஒரு முழம்கூட வராது. தூரத்தில் பார்த்தால் மண் நிறம். வெயிலில் பக்கத்தில் பார்த்தால் ஒவ்வொரு மயிரிலும் பொன்னும் கறுப்புமாக வளையம் போட்டிருக்கும். கண்மணி ஆட்டின் கண்மணி போலக் குறுக்கே படுத்திருக்கும். ராத்திரி சஞ்சாரம் கிடையாது. வெயில் ஏறின பிறகு வளையிலிருந்து கிளம்பும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும். பட்டாபிராமன் ஆபீசுக்குப் புறப்படுகிற நேரமும் அதுவும் ஒன்றாக இருக்கவே, இருவரும் சில நாள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டது உண்டு. கீரி தலையசைத்ததா என்று கேட்பவர்களுக்கு, மேலே செய்த சத்தியத்தை ஞாபகப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பக்கத்துப் போர்ஷனில் வீட்டுக்காரி இருந்தாள். வங்காளத்து விதவை, எல்லோரும் அவளை மாஷிமா என்றுதான் கூப்பிடுவார்கள், அதாவது சித்தி. கீரியை வங்காளியில் 'பேஜி' என்பார்கள் என்று சொன்னவள் அவள்தான். அவள் வளர்த்த வாத்துகளில் ஒன்று போகிற இடமெல்லாம் முட்டையிடுகிற சுபாவம் உள்ளது. ஒரு நாள் காலை அதன் முட்டை ஒன்று துவைக்கிற கல்லுக்கருகே கிடந்தது. கீரி வந்தது. முட்டையை முன்னங்கால்களால் பிடித்துக்கொண்டு, சுவருக்கு முதுகைக் காட்டி நின்றது. பிறகு பின்னங்கால்களுக்கு நடுவே பின்பக்கமாக ஒரே வீச்சு. முட்டை சுவரில் மோதி உடைந்தது. மஞ்சள் கரு சமையலறை ஜன்னல்வரை தெறித்தது.

பஞ்சகச்சத்தைக் கட்டிக்கொண்டிருந்த பட்டாபிராமன் கத்தினார்: "ஐயையோ! ஆத்துச் சுவத்துலே முட்டை! தடியை எடு!"

"எதுக்குத் தடி?" என்று ஒரு குரல் கேட்டது. "அது அவாத்து ஆசாரம். உங்களுக்கென்ன?"

சாவித்ரியின் குரல். தையிலிருந்து கேட்காத குரல். பட்டாபிராமன் கச்சத்தைப் பாதியில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் ஆபீசுக்குப் போகவில்லை. ஆபீஸ் என்று ஒன்று இருப்பதே மத்தியானத்துக்கு மேல்தான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பேஜம்மா என்று பெயர் வைத்தவள் சாவித்ரி. அப்புறம் பேஜம்மாவைப் பற்றிப் பேச்சு வளர்ந்தது. காலையில் அது என்ன தின்றது, எந்தப் பக்கம் போனது, வாத்து முட்டையை மாஷிமாவுக்குத் தெரியாமல் கொடுத்த பாவம் ஸ்நானம் செய்தால் போகுமா, தேளைத் தின்கிறபோது கொடுக்கை முதலில் தின்னுமா கடைசியிலா. ஒரு நாள் நல்லபாம்பு ஒன்று வாழையடிக்கு வந்தது. பேஜம்மா மயிரைச் சிலிர்த்துக்கொண்டாள்; இந்த ஜாதி அப்படிச் சிலிர்த்தால் இரண்டு மடங்காகத் தெரியும். பேஜம்மா இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சிலிர்த்துவிட்டாள் போலிருக்கிறது. சுந்தரவனத்துப் புலி வந்துவிட்டதென்று மாஷிமா கதவைச் சாத்திக்கொண்டு, மறுநாள் பால்காரன் வரும்வரை திறக்கவில்லை. ஏகாதசியன்று பேஜம்மா வளையைவிட்டு வெளியே வருவதில்லை என்றும் சாவித்ரி கண்டுபிடித்தாள். பட்டாபிராமன் அதை மறுக்கவில்லை. அவள் பேசினால் போதும். கீரி சந்தியாவந்தனம் செய்கிறது என்று சொல்லியிருந்தாலும் அவர் பஞ்சபாத்திரத்தை எடுத்துக் கொடுத்திருப்பார்.

ஆடியில் பேஜம்மாவின் வயிறு தரையைத் தொட்டது. தகப்பன் யார் என்று தெரியவில்லை. இந்த ஜாதியில் ஆண் வருவது ஒரு நாள் கூத்து. குட்டி போடுவதும் காப்பதும் வளர்ப்பதும் தாய் ஒருத்தியின் பாடு.

"தனியா இருக்கா. அவளுக்கு யார் இருக்கா?" என்றாள் சாவித்ரி. "நாமதான் வளைகாப்பு பண்ணணும்."

போன வருஷம் சாவித்ரிக்கு வளைகாப்பு செய்யப் பிறந்த வீட்டிலிருந்து யாரும் இவ்வளவு தூரம் வர முடியவில்லை. அது நடக்காமலே போயிற்று.

வேப்பங்கொழுந்தை வளைத்து ஒரு காப்புச் செய்து, அதை வளையின் வாயில் வைத்தாள். புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், தேங்காய்ச்சாதம், தயிர்சாதம் எல்லாம் வாழையிலையில் ஒவ்வொரு பிடி. தகவல் தெரிந்து மாஷிமாவும் வந்துவிட்டாள். வங்காளத்திலும் பிள்ளைத்தாச்சிக்கு ஆசைப்பட்டதைச் சமைத்துப் போடுகிற விருந்து உண்டு. மீன் இல்லாமல் அது நடக்காது.

"ஓமா! இதென்ன பௌமா, வெறும் சோறு?" என்றாள் மாஷிமா. பௌமா என்றால் மருமகளே என்று அர்த்தம். "பிள்ளைத்தாச்சிக்கு மீன் தலை இல்லாமலா?"

"மாஷிமா, எங்காத்துக் கொல்லை இது!"

"உங்கள் கொல்லைதான். ஆனால் அவள் வங்காளி." மாஷிமா, கையோடு கொண்டுவந்த மீன் தலையை வளை வாயில் வைத்தாள்.

பேஜம்மா வெளியே வந்தாள். புளியோதரையை மோந்து பார்த்துத் தும்மினாள். எலுமிச்சஞ்சாதத்தின் மேல் நடந்தாள். மாஷிமாவின் மீன் தலையைக் கவ்விக்கொண்டு வளைக்குள் போய்விட்டாள். வாலில் வேப்பங்காப்பு மாட்டிக்கொண்டு கூடவே போயிற்று. சாவித்ரி சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். பட்டாபிராமன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். யாரைப் பார்த்துக் கும்பிட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆவணியில் குட்டிகள் பிறந்தன. வளைக்குள்ளிருந்து ஊசி முனை போல மெல்லிய சத்தம் வந்தது. குட்டிகளுக்கு இரண்டு வாரம்வரை கண் திறக்காது. தாய் பகலில் இரை தேடப் போய்த்தான் ஆகவேண்டும். அந்த நேரம் அவை ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு இருட்டில் கிடக்கும். பேஜம்மா கிளம்பினவுடன் சாவித்ரி துவைக்கிற கல்லின் மேல் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவள் பொழுதுபோக்குக்கு உட்காரவில்லை. காவல் இருந்தாள்.

கோகுலாஷ்டமி வந்தது. பட்டாபிராமன் ஆபீஸ் சிநேகிதர் சுந்தரேசனைச் சீடை சாப்பிடக் கூப்பிட்டார். சுந்தரேசன் கம்பெனிக் கிடங்கில் சரக்குகளுக்குப் பொறுப்பு; உடம்பு கனத்தவர்.

"உங்காத்துப் படி ஏற என் முழங்கால் ஒத்துக்காது ஓய். சீடையை ஆபீசுக்குக் கொண்டுவாரும். என்ன, ஆத்துலே சந்தோஷமா இருக்காளாமே?"

"பாதம் போடறா ஓய்," என்றார் பட்டாபிராமன். "இந்த வருஷம் பாதம் போடறா."

சாவித்ரி பாதம்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பச்சரிசியை ஊறவைத்து விழுதாக அரைத்து, கரைத்து, கையை முஷ்டியாக மடக்கிப் பக்கவாட்டை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் உள்ளங்கால். மேலே விரல் நுனியால் வைத்த பொட்டுகள் கால்விரல்கள். குழந்தைக் கிருஷ்ணன் தத்தித் தத்தி வீட்டுக்குள் வருவான். எல்லா வீட்டிலும் அந்தப் பாதம் வாசலிலிருந்து பூஜை இடத்துக்குப் போகும். சாவித்ரி இன்னொரு வரிசையும் போட்டாள். சமையலறைக் கதவிலிருந்து, சாணி மெழுகின கொல்லை வழியாக, துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு, வளையின் வாய்வரைக்கும், கை எட்டுகிற மட்டும் வளைக்கு உள்ளேயும். வளை வாசலில் ஒரு வெல்லச் சீடையை நொறுக்கி வைத்தாள். அரிசி மாவில் கோலம் போடுவது எதற்கு? எறும்பும் ஒரு வாய் சாப்பிடட்டும் என்றுதானே. பிறந்ததிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியம் அது.

மறுநாள் காலை பட்டாபிராமன் பல் துலக்கக் கொல்லைக்கு வந்தார். மாவு காய்ந்து வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. அதன் மேல் செவ்வெறும்புகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் இத்தனை தரை இருக்க, அவை பாதத்தைவிட்டு விலகவில்லை. ஒரு பாதத்தில் ஏறி, விரல்களைத் தாண்டி, அடுத்த பாதத்துக்கு இறங்கி, ஒழுங்காக, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி வளைக்குள் போய்க்கொண்டிருந்தன. பேஜம்மா அன்று வழக்கத்தைவிட முன்னதாக, விடிந்ததுமே இரைக்குப் போயிருக்க வேண்டும். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

அவர் தரையில் படுத்து, தோள்வரை கையை வளைக்குள் விட்டார். எறும்புகள் கடித்தன. விரலில் ஏதோ மெத்தென்று பட்டது. முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கண் திறக்காத குட்டிகள். கண் இருக்க வேண்டிய இடத்தில் எறும்புகள்.

அந்த இடத்தில் பட்டாபிராமனுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. இதுவும் அவள் கையால் நடந்ததென்று தெரிந்தால் சாவித்ரி இனி எழுந்திருக்கமாட்டாள். மேல்துண்டின் ஓரத்தில் குட்டிகளைச் சுற்றினார். பாதங்களின் மேல் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தார். ஆபீசுக்குப் போகிற வழியில் படித்துறையில் இறங்கி, அந்தத் துண்டை அவிழ்த்தார். அதே துண்டு, அதே ஜலம். சுமைதான் இந்தத் தடவை கொஞ்சம் லேசு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். "விஷயம் தெரியுமோ? பேஜம்மா ஜாகை மாத்திண்டுட்டா. காலம்பற நானே பார்த்தேன். ஒவ்வொரு குட்டியா வாயில கவ்விண்டு போனா. இந்த ஜாதிக்கு எடம் பிடிக்கலைன்னா அப்படித்தான் பண்ணும்."

சாவித்ரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறங்கையில் தடித்திருந்த எறும்புக்கடிகளையும் பார்த்தாள். "எங்கே போனா?" என்று மெல்லக் கேட்டாள்.

கேட்டுவிட்டாள்! பேச்சு நிற்கவில்லை! பட்டாபிராமனுக்கு உயிர் வந்தது. "ஹவுராவுக்கு! இங்கேருந்து ட்ராம். முதல் வகுப்புதான். பெஞ்சுக்கு அடியில உக்காந்துண்டு போயிருக்கா."

"டிக்கெட்?"

"கண்டக்டர் கேட்டானாம். மயிரைச் சிலிர்த்துண்டு ஒரு பார்வை பார்த்தாளாம். அவன் ஸலாம் போட்டுட்டுப் போயிட்டான்."

சாவித்ரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது போதும். மறுநாள் பேஜம்மா படகில் ஆற்றைக் கடந்தாள். அதற்கு மறுநாள் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில், தண்டவாளத்துக்கு அடியில் வளை எடுத்தாள். அங்கே எலி பூனை அளவுக்கு இருந்தது. குட்டிகள் கண் திறந்தன. மூத்தவன் முதன்முதலாகப் பார்த்தது மதராஸ் மெயில். இளையவள் இஞ்சின் ஊதுகிற சத்தத்துக்குப் பயந்து தாயின் வாலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இந்த ஜாதிக் குட்டிகள் தாயின் பின்னால் அப்படித்தான் வரிசையாக நடக்கும். பட்டாபிராமன் ஆபீசில் கணக்கெழுதுகிற நேரமெல்லாம் அடுத்து என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தார். சாவித்ரி முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

இதில் ஒரு சங்கடம். பேஜம்மா எங்கேயும் போகவில்லை.

அவள் தினமும் வந்தாள். வளைக்குள் போவாள், வருவாள். வாழைமரத்தடி வாய் வழியாகப் போய், கல்லுக்குப் பின்னால் வெளியே வருவாள். மண்ணைக் கிளறுவாள். பிறகு பின்னங்கால்களில் எழுந்து நின்று, பறவைக் குஞ்சு கத்துவது போல மெலிசாகக் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டுக் காதைச் சாய்த்துக் காத்திருப்பாள். மறுபடி கூப்பிடுவாள். இரைக்குப் போவதையே விட்டுவிட்டாள். மாஷிமா கொண்டுவந்த மீன் ஈ மொய்த்துக் கிடந்தது.

"எதையோ மறந்துட்டுப் போயிட்டா போலிருக்கு, எடுக்க வந்திருக்கா," என்றார் பட்டாபிராமன்.

"இருக்கும்," என்றாள் சாவித்ரி. அவள் பழையபடி துவைக்கிற கல்லின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். சமையல் முடிந்ததும் அங்கேதான். பேஜம்மா அவளுக்கு எட்டுகிற தூரத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி பேச்சுக் குறைந்தது. பட்டாபிராமனுக்குத் தை மாசம் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. அந்தக் கூப்பாடு நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் தீர்மானித்தார்.

அந்தக் காலத்தில் கடலுக்கு அப்பால் கரும்புத் தீவுகளில் எலித்தொல்லை. தோட்டக்காரத் துரைகள் கல்கத்தாவிலிருந்து கூண்டு கூண்டாகக் கீரி வாங்கிக் கப்பலேற்றினார்கள். சுந்தரேசனின் கிடங்கில் அப்படி ஒரு சரக்கு புறப்படக் காத்திருந்தது.

"ஒரு காலிக் கூண்டு வேணும் ஓய்," என்றார் பட்டாபிராமன்.

"உம்ம கீரியையா? ஆத்துலே அந்தக் கீரியாலேதானே பேச்சு வந்ததுன்னீர்?"

"இப்போ அதாலேயே போயிண்டிருக்கு."

சுந்தரேசன் வெற்றிலையை மென்றபடி அவரைப் பார்த்தார். "என்னவோ போம். கப்பல் நாளைக்கு. ஏத்தினா இறக்க முடியாது, ஆமாம்."

மறுநாள் காலையில், சாவித்ரி குளிக்கப் போயிருந்த நேரம், கூண்டை வளை வாயில் வைத்தார். மீன் வைத்தால் பேஜம்மா வரமாட்டாள் என்று தெரியும். விறகுக் கட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மேல்துண்டை எடுத்தார். குட்டிகளைச் சுற்றின, அலசாத ஓரத்தைக் கிழித்துக் கூண்டுக்குள் போட்டார். பேஜம்மா ஒரு தடவை மோந்து பார்த்தாள். பிறகு யாரும் துரத்தாமல், தானாக, வேகமாக உள்ளே போனாள். கதவு விழுந்த சத்தத்துக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் துணியின் மேல் சுருண்டு படுத்து, அதை நக்கத் தொடங்கினாள்.

அன்று பட்டாபிராமன் சீக்கிரமே ஆபீசிலிருந்து வந்துவிட்டார். முகத்தில் சந்தோஷத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "பேஜம்மா இனிமே வரமாட்டா. சாந்த்ராகாச்சிலேயே நிம்மதியா இருந்துட்டா."

சாவித்ரி துவைக்கிற கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை. "நெஜத்தைச் சொல்லுங்கோ. அவளை என்ன பண்ணினேள்?"

"நான் என்ன—"

"குட்டி ரெண்டையும் நீங்க கைவிட்டு எடுத்ததை ஜன்னல்லேர்ந்து பார்த்துண்டுதான் இருந்தேன். உங்களுக்கு முன்னாடியே எழுந்துண்டு வந்து எறும்பைப் பார்த்தாச்சு. உள்ளே கைவிட எனக்கு தைரியம் வரலை. திரும்பி ஆத்துக்குள்ள போயிட்டேன்."

பட்டாபிராமன் கேட்டார்: "தெரியுமா? அப்புறம் ஏண்டி சாந்த்ராகாச்சி, ட்ராம் எல்லாத்தையும் கேட்டுண்டிருந்தே?"

"நீங்க அவ்வளவு பாடுபட்டுச் சொன்னேளே. கேக்க நன்னாயிருந்தது. அந்தக் குட்டிக்குக் கண்கூடத் திறந்துவிட்டேள்." அவள் குரல் உடைந்தது. "எங்கே அவ?"

"கப்பல்ல."

சாவித்ரி கல்லைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, உங்களுக்குத் தாங்காதுன்னு நான் தையிலேர்ந்து அழலை. அவதான் எனக்கும் சேர்த்து அழுதுண்டிருந்தா. பக்கத்துலே வந்து உக்காந்துண்டிருந்தேன், அவ்வளவுதான். அவ என்ன கேட்டா உங்களை? பெத்ததைத் தொலைச்ச எடத்துலே நின்னுண்டு கூப்பிட்டா. அவளையும் கப்பலேத்திட்டேளே!"

பட்டாபிராமன் திரும்பி ஓடினார். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர் துறைமுகத்துக்கு ஓடியது அதுதான் முதல் தடவை. கப்பல் துறைமுகத்து மதகைத் தாண்டி ஆற்றுக்குள் போய்விட்டிருந்தது. ஒரு டிங்கிப் படகுக்காரன் காலைப் பிடிக்காத குறையாக ஏறி, பின்னால் துரத்தினார். கடல் ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கியிருந்தது; படகு அம்பு போலப் போயிற்று. கப்பலின் பின்பக்கத் தளத்தில் கூண்டுகள் அடுக்கியிருந்தன. அத்தனை கீரிகளும் கத்திக்கொண்டிருந்தன. மேலேயிருந்து கப்பல் வேலைக்காரக் கலாசி ஒருவன் குனிந்து, "உன்னுடையது எது?" என்று கேட்டான்.

பட்டாபிராமனுக்குத் தெரியவில்லை. எல்லாம் பொன்னும் கறுப்பும், எல்லாம் ஒரே குரல். படகில் எழுந்து நின்று, "பேஜம்மா!" என்று கத்தினார். இங்கேதான் அந்தச் சத்தியம் தேவைப்படுகிறது. அத்தனை கீரிகளும் சட்டென்று வாயை மூடிக்கொண்டன. ஆற்றின் மேல் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒன்றே ஒன்று, எங்கோ நடுக்கூண்டிலிருந்து, மெலிசாகக் கூப்பிட்டது. அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தது. பதில் வராததால் மறுபடி கூப்பிட்டது. கப்பல் நீளமாக ஊதிற்று. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். வேஷ்டியெல்லாம் சேறு. சாவித்ரி அதே கல்லின் மேல் இருந்தாள். இந்தத் தடவை சொல்வதற்கு ட்ராமும் இல்லை, ரயிலும் இல்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் மடியில் தலையை வைத்து, "நான்தானே துண்டுலே சுத்திண்டு போனேன்" என்றார். எந்தக் குழந்தையைச் சொன்னார் என்று சாவித்ரி கேட்கவில்லை. அவர் முதுகு குலுங்கியது. அவள் அவர் தலையில் கையை வைத்தாள்.

"அழுங்கோ," என்றாள். "நானும் அழறேன். யாரும் ஆத்தைவிட்டு ஓடவேண்டாம்."

இருவரும் வாய்விட்டு அழுதார்கள். திருடன் வந்துவிட்டானென்று கரண்டியோடு ஓடிவந்த மாஷிமா, ஒன்றும் கேட்காமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சாவித்ரியின் மறுபக்கம் உட்கார்ந்து அவளும் அழுதாள். அவளுக்கும் யாரோ இருந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து சாவித்ரி பேசாத நாள் இல்லை. பெண் குழந்தையைப் பற்றிப் பேசினாள். அதன் நகம், அதன் கொட்டாவி. பட்டாபிராமன் காதைப் பொத்திக்கொள்ளாமல் கேட்கக் கற்றுக்கொண்டார். அது அவருக்குச் சுலபமாக வரவில்லை.

அடுத்த கோகுலாஷ்டமிக்கும் சாவித்ரி பாதம் போட்டாள், வளைவரைக்கும். ஆனால் அரிசி மாவைத் தொடவில்லை. வெள்ளைக் கல்லை இடித்த பொடியில் போட்டாள். பண்டிகைக்கு வந்திருந்த சுந்தரேசன் மனைவி மோவாயில் கையை வைத்துக்கொண்டாள். "இதென்னடி அக்கிரமம், கல்மாவுலே கோலம்? எறும்புக்கு ஒரு வாய் போட வேண்டாமா?"

"எங்காத்துலே எறும்புக்குப் போட்டாச்சு மாமி," என்றாள் சாவித்ரி.

கிடர்பூரில் பட்டாபிராமனும் சாவித்ரியும் குடியிருந்தது மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்துக்குக் கொல்லை கிடையாது. இதுவும் அந்தச் சத்தியத்தில் அடக்கம்.